டீச்சரைக் கேளுங்கள்: எல்லாமே குண்டுக்கரிச்சான்

போன மாதம் கொண்டைக்குருவி பற்றிய ஒரு பதிலின் கடைசியில், "விடியுமுன்பே உங்கள் மொட்டைமாடியில் நின்று விசில் அடிப்பது யார் என்று எட்டிப் பாருங்கள், அநேகமாகக் குண்டுக்கரிச்சானாக இருக்கும்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அவ்வளவுதான். கடிதம், வாட்ஸப், ஆசிரியர் குழுவுக்குத் தொலைபேசி என்று கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. அதனால் இந்த மாதம் பாம்புக்காரர்களும் பட்டாம்பூச்சிக்காரர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள், பக்கம் முழுக்க அந்தக் கறுப்பு வெள்ளைக்காரருக்குத்தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

டீச்சர், எங்கள் வீட்டைச் சுற்றிக் கறுப்பு வெள்ளை நிறத்தில் இரண்டு மூன்று வகைக் குருவிகள் வருகின்றன. இதில் குண்டுக்கரிச்சான் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகி, திருச்செங்கோடு)

முதலில் அளவைப் பாருங்கள். சிட்டுக்குருவியைவிடப் பெரியது, மைனாவைவிடச் சின்னது. வாலையும் சேர்த்து 19 சென்டிமீட்டர் இருக்கும். ஆணுக்குத் தலை, தொண்டை, மார்பு, முதுகு எல்லாம் கறுப்பு. வெயில் பட்டால் நீலம் மினுங்கும். மார்புக்குக் கீழே கோடு போட்டு நிறுத்தியதுபோலக் கறுப்பு முடிந்து வயிறு வெள்ளையாகிவிடும். வெள்ளை வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு மாட்டிய வக்கீல் என்று என் மாணவர்களுக்குச் சொல்லுவேன், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். சிறகில் நீளவாக்கில் ஒரு வெள்ளைப் பட்டை. வாலின் நடு இறகுகள் கறுப்பு, ஓரத்து இறகுகள் வெள்ளை.

நிறத்தைவிட நடத்தையை நம்புங்கள். குண்டுக்கரிச்சான் தரையில் தத்தித் தத்திப் போகும். நாலு தத்து, ஒரு நிறுத்தம். நின்றவுடன் வால் மேலே தூக்கிக்கொள்ளும், சில சமயம் முதுகைத் தொடுமளவுக்கு. அப்புறம் வாலைத் தாழ்த்தி விசிறியாக விரித்து மறுபடி வெட்டித் தூக்கும்.

உங்களைக் குழப்புகிறவர்கள் வேறு யாராக இருக்கலாம்? தண்ணீர்த் தொட்டி, வாய்க்கால் ஓரத்தில் தத்தாமல் விறுவிறுவென்று நடந்து, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தால் அது வெண்புருவ வாலாட்டி. கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் இருக்கும், குண்டுக்கரிச்சானுக்கு அது கிடையாது. வெட்டவெளியில், கல்குவியல் மேல், உடம்பெல்லாம் கறுப்பாய் வாலடியில் மட்டும் செங்கல் நிறமாய் ஒன்று வாலைத் தூக்கினால் அது கருஞ்சிட்டு. வயல் வேலியில் உட்கார்ந்து பூச்சிக்குக் குதித்துக் குதித்துத் திரும்பும் சின்னஞ்சிறியது புதர்ச்சிட்டு. அதற்கு மார்போடு வயிற்றின் பெரும்பகுதியும் கறுப்புத்தான்.

பெண் குண்டுக்கரிச்சான் சாம்பல் நிறம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எங்கள் தோட்டத்தில் எப்போதும் ஜோடியாகச் சுற்றும் இரண்டுமே கறுப்பாகத்தான் தெரிகின்றன. இரண்டும் ஆணா?
(வாசகர், பரமக்குடி)

நல்ல கண்ணையா உங்களுக்கு. புத்தகமும் சரி, நீங்கள் பார்ப்பதும் சரி. வட இந்தியப் படங்களில் பெண்ணுக்குத் தலையும் முதுகும் தெளிவான சாம்பல். தெற்கே வர வர அந்தச் சாம்பல் அடர்ந்துகொண்டே போகும். தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் இலங்கையிலும் பெண் கிட்டத்தட்ட ஆணின் நிறத்துக்கே வந்துவிடும். காவிரிக்குத் தெற்கே உள்ளவற்றை இலங்கைக் கிளையினத்தோடு சேர்த்தே ஒரு காலத்தில் வகைப்படுத்தியிருந்தார்கள். பரமக்குடியில் இருந்துகொண்டு டில்லிப் படத்தை வைத்துத் தேடினால் பெண்ணே கிடைக்காது.

வெயிலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது பாருங்கள். ஆணின் கறுப்பில் நீல மினுக்கம் இருக்கும்; பெண்ணின் கறுப்பு மங்கல், மார்பில் அது கரும்பலகையைத் துடைத்த பின் இருக்கும் நிறத்துக்கு வந்துவிடும். இன்னொன்று, ஆணும் ஆணும் பங்குனி சித்திரையில் ஒரே தோட்டத்தில் சமாதானமாகச் சுற்றாது. சேர்ந்து இரை தேடுகிறது என்றாலே தம்பதி என்று வைத்துக்கொள்ளலாம்.

டீச்சர், ஒரு குண்டுக்கரிச்சான் தினமும் என் ஸ்கூட்டர் கண்ணாடியைக் கொத்துகிறது. கண்ணாடியிலும் சீட்டிலும் எச்சம் வேறு. விரட்டினால் போய்விட்டு ஐந்தாவது நிமிடம் வந்துவிடுகிறது. என் வண்டி மேல் அதற்கு என்ன கோபம்?
(வாசகி, ஓசூர்)

உங்கள் வண்டி மேல் ஒரு கோபமும் இல்லை, அம்மா. கண்ணாடிக்குள் இருக்கிற ஆள் மேல்தான் கோபம்.

மார்ச்சிலிருந்து ஜூலை வரை அதற்குக் குடும்ப காலம். ஆண் ஓர் இடத்தைப் பிடித்து, இந்த மாமரத்திலிருந்து அந்த மதில் வரை என்னுடையது என்று அறிவித்திருக்கும். அந்த எல்லைக்குள் வேறு ஆண் தலைகாட்டினால் முதலில் நெஞ்சை நிமிர்த்தி, அலகை வானம் பார்க்கத் தூக்கி, வாலை விரித்துக் காட்டும். சாதாரணமாக வந்தவன் அதைப் பார்த்தே நகர்ந்துவிடுவான். கண்ணாடிக்காரனிடம் மட்டும் அது பலிப்பதில்லை. இது நிமிர்ந்தால் அவனும் நிமிர்கிறான், வாலை விரித்தால் அவனும் விரிக்கிறான், பாய்ந்தால் முகத்துக்கு நேரே வருகிறான். எப்படிப் பொறுத்துக்கொள்ளும்? பறவைகளில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்குக் கண்ணாடியில் தெரிவது தன் உருவம் என்று பிடிபடுவதில்லை.

இதில் வண்டியைவிடப் பறவைக்குத்தான் நஷ்டம். இரை தேட வேண்டிய நேரமெல்லாம் ஸ்கூட்டரில் போகிறது. தீர்வு ரொம்பச் சுலபம்: வண்டியை நிறுத்தியதும் இரண்டு கண்ணாடிக்கும் பழைய சாக்ஸையோ துணிப்பையையோ மாட்டிவிடுங்கள். எதிராளி காணாமல் போனால் ஜெயித்துவிட்ட திருப்தியில் இதுவும் போய்விடும். ஜன்னல் கண்ணாடியில் இந்தத் தொல்லை இருக்கிறவர்கள் காகிதத்தை வெளிப்பக்கம் ஒட்ட வேண்டும். உள்பக்கம் ஒட்டிவிட்டு, "டீச்சர் சொன்னது வேலைக்காகவில்லை" என்று எழுதாதீர்கள், பிரதிபலிப்பது வெளிப்பக்கம்தான். மழைக்காலம் நெருங்கும்போது சண்டை தானாக நின்றுவிடும்.

நான் இரவு ஷிப்ட் முடித்து மூன்று மணிக்குப் படுப்பவன். நாலரைக்கே அடுத்த வீட்டு டிஷ் ஆன்டெனாவில் ஏறிக் கத்த ஆரம்பித்துவிடுகிறது. அதற்கு அப்படி என்ன சந்தோஷம்? இதை நிறுத்த வழி உண்டா?
(வாசகர், மேடவாக்கம், சென்னை)

நிறுத்த வழி இல்லை, தம்பி. காதுக்குப் பஞ்சு உண்டு.

சந்தோஷமா என்று கேட்டீர்களே, அதற்கு விளக்கமாகவே பதில் சொல்ல வேண்டும். பாட்டு என்பது ஆண் பறவையின் நிலப் பத்திரம். "இங்கே ஆள் இருக்கிறது, வராதே" என்பது மற்ற ஆண்களுக்கு. "இங்கே இடம் இருக்கிறது, வா" என்பது பெண்ணுக்கு. ஒரே பாட்டில் இரண்டு செய்தி. பாட்டு வேலி மாதிரி வேலை செய்கிறது என்பதை இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்திலுள்ள வைத்தம் காட்டில் 1970களில் ஜான் கிரெப்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்தே பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது பட்டாணிக் குருவி வகை ஒன்று. ஆண்களை அவற்றின் இடத்திலிருந்து பிடித்து அப்புறப்படுத்திவிட்டு, சில இடங்களில் ஒலிபெருக்கி வைத்து அவற்றின் பாட்டைப் போட்டார். சில இடங்களில் ஊதல் சத்தத்தைப் போட்டார். சில இடங்களைச் சும்மா விட்டார். சும்மா விட்ட இடங்களையும் ஊதல் கேட்ட இடங்களையும் வெளியாட்கள் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். பாட்டுக் கேட்ட இடங்களுக்குள் நுழையத் தயங்கினார்கள். வீட்டில் ஆளே இல்லை, குரல் மட்டும் காவல் காத்தது.

ஏன் நாலரைக்கு? அந்த நேரத்தில் காற்று அசையாது, பஸ் ஓடாது, குரல் தூரம் போகும். இரை தேட வெளிச்சம் போதாது. வேறு வேலை இல்லை. அதோடு ராத்திரியில் பக்கத்து எல்லைக்காரன் பூனைக்கு இரையாகியிருந்தால் இடம் காலி என்பதும் விடியற்காலையில்தான் தெரியும். அதனால் எல்லாரும் எழுந்தவுடன் ஆஜர் சொல்கிறார்கள். குண்டுக்கரிச்சானுக்குப் பொதுவாகவே மங்கல் வெளிச்சம் பிடிக்கும். சாயங்காலம் மற்றவை அடைந்த பிறகும் இது இருட்டில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும்.

தூக்கம் எப்படியும் போய்விட்டது, ஒருநாள் எழுந்து வெளியே வந்து அதைப் பாருங்கள். வாலைத் தூக்காமல் தொங்கவிட்டிருக்கும். தொண்டை இறகுகள் சிலிர்த்து நிற்கும். ஒரு வரி பாடும், நிறுத்தும், தலையைச் சாய்த்துக் கேட்கும். தூரத்தில் இன்னொன்று பதில் பாடினால் அடுத்த வரி மாறும். பறவைகளுக்குக் குரல் எழும் இடம் நம்மைப்போல் கழுத்தின் மேல்பகுதியில் இல்லை, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற அடிப்பகுதியில் இருக்கிறது. பாடும் பறவைகளால் அதன் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே இயக்க முடியும். அந்த விசில் திடீரென்று உயர்ந்து அதே மூச்சில் கீழே இறங்குகிறதே, அந்த வித்தை அங்கேதான் நடக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஆண்களின் பாட்டுகூட ஒன்றுபோல் இருக்காது. மற்ற பறவைகளின் குரலையும் திருடிச் சேர்த்துக்கொள்ளும். எங்கள் தெருக்காரர் தன் பாட்டுக்கு நடுவே கொண்டைக்குருவியின் கூப்பாட்டைச் செருகுவார். உண்மையான கொண்டைக்குருவி என்று நானே பலமுறை மரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன்.

பெண் பாடவே பாடாதா?
(மாணவி, ஒன்பதாம் வகுப்பு, மன்னார்குடி)

பாடும், கொஞ்சமாக. ஆண் பக்கத்தில் இருக்கும்போது சின்னதாய் ஒரு வரி. கச்சேரி முழுக்க ஆணுடையது.

குண்டுக்கரிச்சான் பாட்டை யூடியூபில் போட்டால் உடனே பறந்து வந்து பக்கத்தில் உட்காருகிறது. நண்பர்களுக்குக் காட்டினால் அசந்து போகிறார்கள். போட்டோவும் அருமையாக வருகிறது. இதில் தவறு ஏதும் உண்டா?
(கல்லூரி மாணவர், கோவை)

உண்டு. அது உங்களைப் பார்க்க வரவில்லை. வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று அலறி ஓடி வருகிறது. நீங்கள் போனை அணைத்துவிட்டுப் போன பிறகும் அது அந்தத் திருடனை வெகுநேரம் தேடும். பெண் அடை காக்கிற நேரமாக இருந்தால் காவலுக்கு நிற்க வேண்டியவரை நீங்கள் வீணாக வெளியே இழுத்துவிட்டீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

பதிவு செய்வதில் ஆர்வம் என்றால் அது எதிர்ப்பக்கம் போகட்டும்: நீங்கள் போடாதீர்கள், அது பாடுவதைப் பதியுங்கள். உங்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். லுட்விக் கோக் என்ற ஜெர்மன் சிறுவனுக்கு 1889இல் எட்டு வயது. அப்பா வாங்கித் தந்த எடிசன் கருவியில், மெழுகு உருளை மேல் ஒரு கூண்டுப் பறவையின் பாட்டைப் பதிந்தான். உலகில் பதிவான முதல் பறவைப் பாட்டு அதுதான் என்கிறார்கள். அந்தப் பறவை எது தெரியுமா? ஷாமா, நம் சோலைபாடி. குண்டுக்கரிச்சானுக்கு ஒன்றுவிட்ட சகோதரன், ஒரே பேரினம். நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து மேற்கே மலையேறினால் காட்டுக்குள் அதன் குரலைக் கேட்கலாம்.

எங்கள் கிணற்றுச் சுவர்ப் பொந்தில் கூடு வைத்திருக்கிறது. உள்ளே பூச்சியோடு போகிறது, வெளியே வரும்போது வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு போகிறது. முட்டையைத் தூக்கிப்போகிறதோ என்று என் மாமியார் பயப்படுகிறார்.
(வாசகி, சங்கரன்கோவில்)

மாமியாரிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது குஞ்சின் கழிவு. பாடும் பறவைகளின் குஞ்சுகள் எச்சத்தை அப்படியே பீச்சுவதில்லை. வழவழப்பான ஒரு மெல்லிய உறைக்குள் பொட்டலமாக வெளியேற்றும். தாய் இரையைக் கொடுத்ததும் குஞ்சு திரும்பி வாலைத் தூக்கும், பொட்டலம் வரும், அலகில் வாங்கிக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டுவிடும். கூட்டில் ஈரமும் சேராது, வாசனை பிடித்துப் பாம்பு வருவதும் குறையும். என்ன இருந்தாலும் குண்டுக்கரிச்சான் கூட்டுக்கென்று தனியாக ஒரு வாடை உண்டு, மூக்கு கூர்மையானவர்கள் சொல்லிவிடுவார்கள்.

கிணற்றுச் சுவர் அதற்கு மிகப் பிடித்த இடம். மரப்பொந்து, மதில் ஓட்டை, பழைய மீட்டர் பெட்டி, மொட்டைத் தென்னையின் உச்சி என்று எங்கே குழி இருந்தாலும் சரி. உள்ளே பெரிய கட்டுமானம் எதுவும் கிடையாது. காய்ந்த புல், வேர், தேங்காய் நார். பெரும்பாலும் பெண்தான் கொண்டுவரும். எங்கள் வீட்டுப் பின்சுவரில் பிளாஸ்டிக் குழாய் பதிக்க இடித்த ஓட்டையைக் கொத்தனார் பூச மறந்துவிட்டுப் போனார், நானும் நினைவுபடுத்தவில்லை. அதில் ஒரு பெண் நார் சுமந்ததைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அலகின் இரண்டு பக்கமும் நார் மீசையாய் நீட்டிக்கொண்டிருக்கும். நேராக ஓட்டைக்குப் போகாது. துணிக்கொடியில் உட்காரும், கொய்யாவுக்குப் போகும், என்னைப் பார்க்கும், ஒன்றும் தெரியாததுபோல் திரும்பி உட்காரும். நான் பாத்திரம் தேய்க்கிற பாவனையில் குனிந்த பிறகுதான் உள்ளே நுழையும். ஆண் இந்த வேலையில் ஒரு நார்கூட எடுத்து நான் பார்த்ததில்லை. உச்சாணிக் கொம்பில் பாட்டு.

நாளுக்கு ஒன்றாக நாலைந்து முட்டை இடும். வெளிர் நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளிகள். அடை காப்பது பெண் மட்டும். இரண்டு வாரத்துக்குள் பொரித்துவிடும். குஞ்சுகளுக்கு இரை கொடுப்பதிலும் பெண்ணுக்குத்தான் வேலை கூடுதல். ஆணை முழுச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள், காவல் அவன் பொறுப்பு. ஓணானோ அணிலோ பொந்துப் பக்கம் வந்தால் "க்ர்ர்ஷ்ஷ்" என்று ஒரு கரகரப்புச் சத்தம் போட்டுத் தலைக்கு மேலேயே பாய்வான். அந்தச் சத்தம் கேட்டால் நீங்களும் போய்ப் பாருங்கள். அதே சத்தத்தை வைத்துத்தான் எங்கள் மாட்டுத்தொழுவத்தில் சாரைப்பாம்பு இருந்தது எனக்குத் தெரியவந்தது.

குஞ்சுகள் பறக்கும்வரை கிணற்றடியில் வேலையை வழக்கம்போலச் செய்யுங்கள், உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க மட்டும் வேண்டாம். காகம் உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கும்.

மதிலடியில் குண்டுக்கரிச்சான் குஞ்சு ஒன்று கிடந்தது. பறக்க முடியவில்லை. பாலும் சோறும் கொடுத்தோம், மறுநாள் இறந்துவிட்டது. பிள்ளைகள் அழுகிறார்கள். என்ன செய்திருக்க வேண்டும்?
(வாசகர், வேலூர்)

பிள்ளைகளிடம் நீங்கள் காப்பாற்றத்தான் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். இனி இப்படி நடந்தால்:

உடம்பில் இறகு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இறகு இருந்து, குட்டை வாலோடு, முதுகிலும் மார்பிலும் பழுப்புச் செதில் செதிலாகத் தெரிந்தால் அது தவறி விழுந்த குஞ்சு அல்ல. பொரித்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில், சரியாகப் பறக்க வருவதற்கு முன்பே அவை கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். சில நாள் தரையிலும் புதரிலும் தத்திக்கொண்டு திரியும், பெற்றோர் தேடி வந்து ஊட்டும். நீங்கள் செய்ய வேண்டியது பூனையையும் நாயையும் கட்டிப்போட்டுவிட்டு, குஞ்சை எடுத்துப் பக்கத்துச் செடியின் அடர்ந்த கிளையில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்விடுவது. நீங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் தாய் வராது.

இறகே இல்லாத சதைக்குஞ்சு என்றால் பொந்தைத் தேடி உள்ளேயே வைத்துவிடுங்கள். மனிதன் தொட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு, தயங்காமல் தொடுங்கள்.

பால் கூடவே கூடாது. பறவைக்குப் பாலைச் செரிக்கும் வசதி உடம்பில் இல்லை. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விடுவதும் ஆபத்து, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காயம் இருந்தால் துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், கதகதப்பாக வைத்துக்கொண்டு வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ போன் செய்யுங்கள்.

சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். சின்ன வயதில் தினமும் கேட்ட குரல். இங்கே சிங்கப்பூரில் முப்பது ஆண்டுகளில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இது இந்த ஊர்ப் பறவை இல்லையா? ஊருக்கு வரும்போது ஒரு ஜோடியை வாங்கிக் கூண்டில் வளர்க்கலாமா?
(வாசகர், சிங்கப்பூர்)

அந்த ஊர்ப் பறவைதான் ஐயா. பாகிஸ்தானின் கிழக்குப் பகுதியிலிருந்து தெற்கு சீனா, மலேசியா, இந்தோனேசியா வரை அதற்கு வீடு. சிங்கப்பூரில் 1920களில் சர்வசாதாரணமாக இருந்தது. 1970களில் பார்த்தால் அநேகமாகக் காணோம். பொந்துகளுக்கு வெளியூர் மைனாவோடு போட்டி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே இருக்கிறது: கூண்டு. நன்றாகப் பாடுவதே அதற்கு வினையாகிவிட்டது. இந்தோனேசியாவில் கூண்டுப் பறவைகளுக்குப் பாட்டுப் போட்டியே நடக்கும், பரிசுப்பணம் உண்டு. குண்டுக்கரிச்சானும் சோலைபாடியும் அங்கே நட்சத்திரங்கள். அதற்காகக் காட்டிலிருந்து கண்ணி வைத்துப் பிடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை புலாவ் உபின் தீவுக்குப் படகேறிப் போங்கள், அங்கே இன்னும் பாடுகிறது. டிக்கெட் செலவு கூண்டைவிடக் குறைவு.

இங்கே வந்து வாங்குவது என்பது நடக்காத காரியம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். சந்தையில் யாராவது விற்றால் வாங்கி விடுதலை செய்கிறேன் என்றும் இறங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் அவன் அடுத்த கண்ணியை வாங்குவான். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இதே குடும்பத்தில் சேஷெல்ஸ் தீவுகளில் ஒரு குண்டுக்கரிச்சான் உண்டு. கப்பலில் வந்த பூனையும் எலியும் தின்று தீர்த்ததில், 1970ஐ ஒட்டி ஃப்ரிகேட் என்ற ஒரே தீவில் இருபதுக்கும் குறைவானவையே மிஞ்சின. பூனைகளை ஒழித்து, கூடு வைக்கப் பெட்டிகள் கட்டி, வேறு தீவுகளிலும் கொண்டுபோய் விட்டு, இப்போது நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கின்றன.

வங்கதேசத்தின் தேசியப் பறவை இதுதானாமே?
(வாசகர், புதுச்சேரி)

ஆமாம். அங்கே பெயர் தோயேல். அந்நாட்டுப் பணத்துக்கும் டாக்கா என்றுதான் பெயர், பழைய இரண்டு டாக்கா நோட்டில் இதன் படம் இருந்தது. தலைநகர் டாக்காவில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்சந்தியில் பெரிய தோயேல் சிலையே வைத்திருக்கிறார்கள்.

சித்திரை வைகாசியில் ஓயாமல் பாடிக்கொண்டிருந்தது. ஐப்பசிக்குப் பிறகு சத்தமே இல்லை. செத்துப்போயிருக்குமா, வலசை போய்விட்டதா?
(வாசகி, மயிலாடுதுறை)

எங்கும் போகவில்லை, உங்கள் கொல்லையிலேயே இருக்கிறது. பாட்டு பகல் நீளும் காலத்தோடு சேர்ந்தது. நாள் நீள நீள உடம்பில் சுரப்பிகள் வேலை செய்யும், பாட்டு வரும். காலம் முடிந்தால் நின்றுவிடும். அப்புறம் புதரடியில் பதுங்கிப் பதுங்கி இரை தேடும்; மிஞ்சினால் "ஸ்வீ..." என்று சோகமாய் ஒரு சத்தம், அந்தியில் "ச்சர்ர்" என்று ஒரு கடுகடுப்பு. வாழை மரத்தடியில் சருகு புரளும் சத்தம் கேட்டால் அசையாமல் நின்று பாருங்கள், தூக்கிய வால் முதலில் தெரியும்.

என்னிடம் இருக்கும் பழைய புத்தகம் இதைப் பூங்குருவிக் குடும்பம் என்கிறது, புதிய செயலி ஈப்பிடிப்பான் குடும்பம் என்கிறது. எது சரி?
(வாசகர், நாமக்கல்)

செயலி. மரபணுவைப் பார்த்த பிறகு இடம் மாற்றிவிட்டார்கள். பறவைக்கு இன்னும் தகவல் போகவில்லை.

எங்கள் புது வீட்டில் புல்வெளி, அலங்காரச் செடி, பளிங்கு நடைபாதை எல்லாம் போட்டிருக்கிறோம். தண்ணீரும் தானியமும் வைக்கிறோம். புறாதான் வருகிறது, குண்டுக்கரிச்சான் வர என்ன செய்ய வேண்டும்?
(வாசகி, திருப்பூர்)

முதலில் தானியத்தை நிறுத்துங்கள். அதற்கு வேண்டியது புழு, வெட்டுக்கிளி, எறும்பு, மரவட்டை, பூரான். எப்போதாவது பூவில் தேனும் குடிக்கும், கம்பும் சோளமும் அதற்கு எதற்கு? பூச்சிமருந்து அடிக்கிற தோட்டம் அதன் கணக்கில் வெறும் பாலைவனம்.

தோட்டக்காரரிடம் சொல்லி ஒரு மூலையை மட்டும் பெருக்காமல் விடுங்கள். உதிர்ந்த இலை அப்படியே கிடந்து மக்கட்டும். மழை பெய்தால் அதற்குள் மண்புழு வரும், புழுவுக்கு அது வரும். பட்ட மரம் இருந்தால் வெட்டாதீர்கள்; விழுந்துவிடும் என்று பயமாக இருந்தால் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள். தண்ணீரை ஆழமில்லாத மண்சட்டியில், பூனை பதுங்க இடமில்லாத திறந்த இடத்தில் வையுங்கள். குளிப்பதென்றால் அதற்குக் கொள்ளை ஆசை, இலையில் தேங்கிய மழைத் தண்ணீரில்கூடப் புரளும்.

கூடு கட்டப் பெட்டி வைக்கலாம், ஏற்றுக்கொள்ளும். சாதாரணப் பலகை போதும். வாசல் துளை இரண்டு அங்குலம் இருக்கட்டும், சிட்டுக்குருவிப் பெட்டியின் சின்னத் துளைக்குள் இதனால் நுழைய முடியாது. மேற்கு வெயில் படாத சுவரில், பூனை தாவ முடியாத உயரத்தில், மாசிக்கு முன்பே மாட்டிவிடுங்கள். முதல் வருஷமே குடிவரவில்லை என்று கழற்றிவிடாதீர்கள்.

பளிங்கு நடைபாதையை இனி ஒன்றும் செய்வதற்கில்லை. எறும்பு ஊர்ந்தால் சரி.

டீச்சர், குண்டுக்கரிச்சான் ஒரு பல்லியைப் பிடித்துத் தின்றதை என் கண்ணால் பார்த்தேன். பாட்டுக்கார பறவை பல்லி தின்னுமா என்று என் மகன் சிரிக்கிறான்.
(வாசகி, பாளையங்கோட்டை)

தின்னும். பல்லி மட்டுமா, அட்டையும் தின்னும், சின்ன மீனைப் பிடித்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். பெரிய இரை என்றால் கவ்விக்கொண்டு கெட்டியான தரைக்கு வந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றி மாற்றி அடிக்கும். பல்லியின் வால் தனியே கழன்று துடித்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் உடம்பைத் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கப் பார்க்கும். குஞ்சு இருக்கிற காலமாக இருந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு பொந்துக்குப் போய்விடும். மகன் இன்னும் நம்பவில்லை என்றால் அடுத்த தடவை போனில் படம் பிடித்து அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று அனுப்புங்கள்.